மதுரையில் சிங்கிள் பெட்ரூம் ஃபிளாட்: இறக்கி விற்பதா, காத்திருப்பதா, வாடகையா, ஒத்தியா?

மதுரையில் மனைக்கு இருக்கும் மவுசு ஃபிளாட்டுக்கு இன்னும் வரவில்லை. கையில் நாலு காசு சேர்ந்தால் திருப்பாலைப் பக்கமோ ஒத்தக்கடைப் பக்கமோ மூன்று சென்ட் வாங்கிப் போட்டு, மெதுவாகத் தனி வீடு கட்டிக்கொள்ளத்தான் இந்த ஊர்க்காரர்கள் நினைப்பார்கள். சிங்கிள் பெட்ரூம் ஃபிளாட் என்றால், பிள்ளைகுட்டிக்காரர்கள் போனிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். சந்தை நன்றாக ஓடும்போதே இப்படித்தான். மந்தமான நேரத்தில் மாதக்கணக்கில் ஒரு ஆள் வந்து எட்டிப் பார்ப்பதில்லை.

நாலைந்து லட்சம் போட்டு அப்படி ஒரு ஃபிளாட்டைப் புதுப்பித்து வைத்திருப்பவர் என்ன செய்யலாம்? கேட்கிற விலைக்கு இப்போதே கொடுத்துவிடலாம். பூட்டிப்போட்டுக் காத்திருக்கலாம். வாடகைக்கு விடலாம். ஒத்திக்குக் கொடுக்கலாம், அதாவது மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் குடியிருக்க விடலாம். என் அக்கா வீட்டிலும் நண்பர்கள் சிலருக்கும் இதே கேள்வி வந்தபோது கூட உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறேன். அதில் தெளிவானதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதுப்பிக்கப் போட்ட பணம் அப்படியே விலையில் திரும்பி வராது. வீடு சீக்கிரம் கைமாற அது உதவும், அவ்வளவுதான். அந்தப் புதுசும் கொஞ்ச காலம்தான் நிற்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஒரு ஐப்பசி மழை போனால் பாத்ரூம் சுவரில் பூஞ்சை ஏறுகிறது, டைல்ஸ் இடுக்கு கறுக்கிறது, அலமாரிக் கதவு உப்பிக்கொள்கிறது. அதனால் இந்த நான்கு வழிகளையும் ஒப்பிடும்போது, அந்தப் புதுசு எந்த வழியில் காசாகிறது, எந்த வழியில் வீணாகிறது என்றுதான் நான் பார்ப்பேன்.

யார் வாங்க வருகிறார்கள்?

மதுரையில் சிங்கிள் பெட்ரூம் தேடுபவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் அவர்களுக்கு அது உண்மையிலேயே தேவை. சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர், தேனிப் பக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வர வேண்டிய ஓய்வுபெற்ற தம்பதிகள் உண்டு. 2004-இல் உயர் நீதிமன்றக் கிளை வந்த பிறகு கே.கே. நகர், ஒத்தக்கடைப் பக்கம் தங்க இடம் தேடும் இளம் வக்கீல்கள் உண்டு. மீனாட்சி மிஷன், அப்போலோ போன்ற ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கிற, தனியாக இருக்கிற பெண்கள் உண்டு. வாடகை வருமானத்துக்காக வாங்கிப்போடும் வளைகுடாக்காரர்களும் உண்டு.

அண்ணா நகர்ப் பக்கம் ஒரு வீட்டைப் பார்க்க மானாமதுரையிலிருந்து வந்த பெரியவர்களோடு ஒருமுறை நானும் போனேன். வீட்டுக்காரர் ஆசை ஆசையாகச் செய்த ஃபால்ஸ் சீலிங்கை அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெரியவர் நேராக அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்தார். உள்ளங்கையில் தண்ணீரைப் பிடித்து நாக்கில் வைத்தார். “உப்பாத்தான் இருக்கு. கார்ப்பரேஷன் தண்ணி தினமும் வருமா தம்பி?” என்றார். அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு பாத்ரூம் தரையில் காலைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார், வழுக்குமா என்று. அப்புறம் வெளியே வந்து கேட்ட ஒரே கேள்வி: “கரண்ட் போனா லிஃப்ட் ஓடுமாப்பா?”

வாங்குபவர் காசு கொடுப்பது இந்தப் பதில்களுக்குத்தான். வழுக்காத தரை, வெஸ்டர்ன் டாய்லெட், ஒழுகாத சுவர், மாற்றிய ஒயரிங், கார் இல்லாவிட்டாலும் ஸ்கூட்டர் நிறுத்த ஓர் இடம். இவற்றுக்குச் செய்த செலவு வேலை செய்யும். மற்றதெல்லாம் போட்டோவில் அழகாக இருக்கும். அதனாலும் பார்க்க ஆள் வரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் விலையைக் கூட்டாது.

இப்போதே விற்பது

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். 560 சதுர அடி ஃபிளாட். நீங்கள் சொல்வது 34 லட்சம். நிஜமாகவே வாங்கக்கூடிய ஒருவர் கேட்பது 30 லட்சம். அந்த 4 லட்சம்தான் புதுப்பித்த செலவு என்று மனசு அடித்துக்கொள்ளும். கேட்பவர் பக்கம் நின்றும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பழைய ஃபிளாட்டை வாங்குபவருக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். 30 லட்சத்துக்கு 2.70 லட்சம். பில்டரிடம் முதல் விற்பனையில் 50 லட்சத்துக்குள் புது ஃபிளாட் வாங்கினால், 2023 டிசம்பரில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, மொத்தமே 6 சதவீதம்தான்: 1.80 லட்சம். கட்டி முடிக்காத சின்ன ஃபிளாட் என்றால் ஜிஎஸ்டி 1 சதவீதம் சேரும். அப்போதும் உங்கள் வீட்டைவிடப் பதிவுச் செலவு குறைவு. நீங்கள் எவ்வளவு புதுப்பித்தாலும் பத்திரத்தில் அது பழைய வீடுதான். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துத்தான் அவர் பேரம் பேசுகிறார்.

அடுத்தது பேங்க் மதிப்பீட்டாளர். அவர் பார்ப்பது பிரிக்கப்படாத பாக நிலம் (அபார்ட்மென்ட் நிற்கும் நிலத்தில் உங்களுக்குள்ள பங்கு), கட்டடத்தின் வயது, அக்கம்பக்கத்தில் கைமாறிய விலை. மாடுலர் கிச்சனுக்கு அவர் பெரிதாக ஒன்றும் சேர்க்க மாட்டார். வாங்குபவருக்குக் கிடைக்கும் கடன் அந்த மதிப்பை வைத்துத்தான். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. பத்திரச் செலவு அந்தக் கணக்கில் வராது. அது கைக்காசு.

இதை வைத்து ஒரு உபயோகமான காரியம் செய்யலாம். விலையைப் பேசும் முன்பே, பேங்க் பட்டியலில் உள்ள ஒரு மதிப்பீட்டாளரிடம் கட்டணம் கொடுத்து நீங்களே மதிப்புப் போட்டுப் பாருங்கள். அவர் 30 லட்சமோ அதற்கு மேலோ சொன்னால், நீங்கள் ஒரு லட்சம் குறைப்பதால் வாங்குபவரின் கைக்காசில் மிச்சமாவது 19,000 ரூபாய்தான்: கடனில் வராத 10 சதவீதம், பத்திரச் செலவில் 9 சதவீதம். அந்த இடத்தில் விலையைக் குறைப்பதைவிட ஏசி, கட்டில், இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜை விட்டுக்கொடுப்பது அவருக்குப் பெரிய உதவி. கைக்காசு போட்டு அவர் வாங்க வேண்டியவை அவைதான். மதிப்பீட்டாளர் 27 லட்சம் என்று சொல்லிவிட்டால் கதை வேறு. அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு ரூபாயும் அவர் கையிலிருந்து வர வேண்டும். அப்போது கட்டிலும் பீரோவும் உதவாது, விலைதான் இறங்க வேண்டும். 34 சொல்லி ஒரு வருடம் உட்கார்ந்திருக்கும் வீடுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம். சொந்தக்காரருக்கு அது தெரிவதில்லை.

ஒரு பங்கு வெள்ளை, ஒரு பங்கு கறுப்பு என்று பேச்சு வந்தால் சம்மதிக்காதீர்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாக வரலாம். கடன் வாங்கி வாங்குபவருக்கும் குறைத்துப் பதிந்த பத்திரம் உதவாது.

காத்திருப்பது

“எய்ம்ஸ் வருது, மெட்ரோ வருது, அவசரப்படாதீங்க” என்று சொல்ல ஆள் எப்போதும் இருக்கிறார்கள். தோப்பூரில் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை 32 கிலோமீட்டர் மெட்ரோவுக்குத் தமிழக அரசு கொடுத்த அறிக்கையை 2025-இல் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. இவை நாளைக்கே வந்தாலும் ஏறுவது நிலத்தின் விலை. 560 சதுர அடி ஃபிளாட்டில் உங்களுக்குள்ள பாகம் 250 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் அது அரை சென்ட்டுக்குக் கொஞ்சம் கூட. சதுர அடிக்கு 300 ரூபாய் ஏறினாலும் உங்களுக்கு வருவது 75,000. மேலே உள்ள கட்டடம் வருஷா வருஷம் பழசாகிக்கொண்டே போகும். மனை வைத்திருப்பவர் காத்திருப்பதும் ஃபிளாட் வைத்திருப்பவர் காத்திருப்பதும் ஒன்றல்ல.

காத்திருக்கும் செலவு என்ன? 30 லட்சத்தை 6.5 சதவீத வட்டிக்கு பேங்கில் போட்டால் வருடம் 1.95 லட்சம் வரும். அது போச்சு. அபார்ட்மென்ட் சங்கத்துக்கு மாதம் 1,500 என்றால் 18,000. சொத்துவரி, குறைந்தபட்ச கரண்ட் பில் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஏறத்தாழ 2.2 லட்சம். ஒரு வருடம் கழித்து 34-க்கு விற்றால் மிச்சம் 1.8 லட்சம். இரண்டு வருடம் கழித்து அதே 34-க்கு விற்றால், இன்று 30-க்குக் கொடுத்ததைவிட நஷ்டம். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் கடன் வட்டி டெபாசிட் வட்டியைவிடக் கூடுதல்.

எல்லையோடு காத்திருப்பது வேறு. ஆடியிலும் மார்கழியிலும் வீடு பார்க்க வருபவர் கம்மி, பத்திரம் பதிபவர் அதைவிடக் கம்மி. ஆனியில் விலை பேசி முடியவில்லை என்றால் ஆவணி வரை பொறுப்பதில் அர்த்தம் இருக்கிறது. கார்த்திகையில் வந்த ஆளிடம் தையில் பதிந்துகொள்ளலாம் என்று பேசி முடிப்பதும் நல்லதே. முகூர்த்த நாட்களில் பதிவு அலுவலகத்தில் கூடுதல் டோக்கன் கொடுக்கும் அளவுக்கு அந்த மாதங்களில் கூட்டம் இருக்கிறது. “சந்தை ஏறட்டும்” என்பதற்கு மட்டும் தேதி கிடையாது.

வாடகையும் ஒத்தியும்

மதுரைக்காரர்கள் அதிகம் குழம்புவது இந்த இரண்டில்தான்.

அதே ஃபிளாட்டுக்கு மாதம் 10,000 வாடகை என்று கொள்வோம். வருடத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலும் 1.10 லட்சம். சங்கக் கட்டணத்தைக் குடியிருப்பவரே கட்டுவார். வரியும் சின்னச் சின்ன ரிப்பேரும் போக ஒரு லட்சம் நிற்கும். காத்திருக்கும் செலவு பாதிக்கு மேல் குறைகிறது. வருமான வரியிலும், சொத்துவரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் கழிவு உண்டு. ஜன்னலைத் திறந்து, குழாயைத் திருப்பி, வீட்டை உயிரோடு வைத்திருக்க ஒரு ஆளும் கிடைக்கிறது. பூட்டிப்போடுவதைவிட இது எல்லா வகையிலும் மேல்.

ஆனால் விற்கும் எண்ணம் இருந்தால் இரண்டு சிக்கல். குடியிருப்பவர் துணி காயப்போட்டிருக்கும் நேரத்தில் வீட்டைக் காட்ட வேண்டிவரும். அவர் காலி செய்யும்போது அடுப்படிப் புதுசும் போயிருக்கும். அதனால் வாடகைக்கு விடுவதாக இருந்தால், “நாளைக்கே ஆள் வந்தால் விற்போம்” என்று அரை மனதாக விடாதீர்கள். ஒன்று, விற்பனையைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டு மூன்று வருடத்துக்கு முழு மனதாக விடுங்கள். அல்லது விற்கப்போவதை முதலிலேயே சொல்லி, 11 மாத ஒப்பந்தம் எழுதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டைக் காட்டச் சம்மதம் வாங்கி, அதற்காக வாடகையில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். அந்தப் பதிவு உங்களுக்குத்தான் பாதுகாப்பு. வாடகை வருமானத்துக்காக வாங்க வரும் வளைகுடாக்காரருக்கு, ஒழுங்காக வாடகை கட்டும் ஆளோடு சேர்ந்த வீடு காலி வீட்டைவிடப் பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒத்தி என்றால் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, இரண்டு மூன்று வருடம் வீட்டை அனுபவிக்க விட்டு, கெடு முடிந்ததும் வட்டியில்லாமல் அதே தொகையைத் திருப்பிக் கொடுப்பது. குடியிருப்பவருக்கு மாத வாடகை இல்லை. வீட்டுக்காரருக்குக் கையில் ஒரே தொகையாகப் பணம். மதுரையில் எந்தத் தெருவில் விசாரித்தாலும் ஒத்திக்கு ஆள் கிடைக்கும். மந்தமான சந்தையில் இது ரொம்ப ஆசை காட்டும் வழி. விற்காமலே விற்ற மாதிரி பணம் வருகிறது.

கணக்கைப் பாருங்கள். 8 லட்சம் ஒத்தி என்று வைப்போம். அதை பேங்கில் 6.5 சதவீதத்துக்குப் போட்டால் வருடம் 52,000, மாதம் 4,300 சொச்சம். 10,000 வாடகை வரக்கூடிய வீட்டை 4,300-க்கு விட்ட மாதிரி. அதே 8 லட்சத்தால் 15 சதவீதத் தனிநபர் கடனை அடைத்தால் வருடம் 1.20 லட்சம் வட்டி மிச்சம். மாதம் 10,000. வாடகைக்குச் சரியாக வருகிறது. அதற்கும் மேலான வட்டியில் சிக்கியிருந்தால் ஒத்தி கைகொடுக்கும். ஆக, ஒத்திப் பணம் எந்தக் கடனை அடைக்கப் போகிறது என்று சொல்ல முடிந்தவர்களுக்கு மட்டும்தான் ஒத்தி. பிள்ளை கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்டு, கெடு முடிந்ததும் அடுத்த ஒத்திக்காரரிடம் வாங்கி இவருக்குக் கொடுப்பது என்று ஆரம்பித்தால் வீடு உங்கள் கைக்குத் திரும்பவே திரும்பாது. அப்படிப் பத்து வருடமாக ஓடும் வீடுகளை எனக்குத் தெரியும். அதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. சொந்தக்காரர் வயதாகிப் போகிறார், வீடு மட்டும் ஒத்தியிலேயே கிடக்கிறது.

விற்பனைக்கு ஒத்தி என்ன செய்யும்? “ஒத்தியைக் கழித்துக்கொண்டு கிரயம்” என்று முடிப்பது நடக்கிறதுதான். வாங்குபவர் 30 லட்சத்தில் 8 லட்சத்தை ஒத்திக்காரருக்கு வைத்துக்கொண்டு 22 லட்சம் கொடுப்பார். ஆனால் அதற்குக் கையில் முழுப் பணமும் உள்ளவர் வேண்டும். பேங்க் கடனில் வாங்குபவருக்கு ஒத்தி உள்ள வீடு ஆகாது. உங்கள் வீட்டின் மேலேயே கடன் இருந்தால் ஒத்திக்குக் கொடுக்க பேங்க் ஒப்புக்கொள்ளாது. வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கைமாற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஒத்தி என்பது சட்டப்படி அடமானம், பதிய வேண்டிய ஆவணம். பதியாத ஒத்தி பணம் கொடுத்தவருக்குத்தான் முதல் ஆபத்து, ஆனால் தகராறு வந்தால் வீடும் சேர்ந்துதான் முடங்கும்.

கோயிலுக்கு வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். குடும்பங்கள் இருக்கும் அபார்ட்மென்ட்டில் தினம் ஒரு புது முகம் மாடி ஏறினால் சங்கம் சும்மா இருக்காது. அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

என் கருத்து

பணம் தேவை, அல்லது வீட்டின் மேல் கடன் இருக்கிறது என்றால் மதிப்பீட்டாளர் சொன்ன விலையை ஒட்டி இப்போதே விற்றுவிடுங்கள். வீடு புதுசாக இருக்கும்போதே. கடன் இல்லை, பணத்துக்கு அவசரமும் இல்லை என்றால் முழு மனதோடு வாடகை. ஒத்தி கழுத்தை நெரிக்கும் வட்டிக்கு மட்டும். பூட்டிப்போட்டுக் காத்திருப்பதை, ஆடி மார்கழியைத் தவிர, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

விற்பது என்று முடிவானால் முதலில் அதே கட்டடத்தில் விசாரியுங்கள். மேல் மாடியில் இரண்டு பெட்ரூம் வைத்திருப்பவர், வயதான அப்பா அம்மாவைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள இடம் தேடிக்கொண்டிருப்பார். தண்ணீர் எப்படி, சங்கம் எப்படி என்று அவருக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. பேரமும் மரியாதையாக நடக்கும். சங்கச் செயலாளரிடமும் வாட்ச்மேன் அண்ணனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது பல விளம்பரங்களைவிட நன்றாக வேலை செய்கிறது.

அதில் முடியாவிட்டால் ஒரே ஒரு புரோக்கர். கமிஷன் 1 அல்லது 2 சதவீதம் என்று முதலிலேயே பேசிவிட்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு அவரிடம் மட்டும் கொடுங்கள். ஐந்து பேரிடம் சொன்னால் ஒரே வீடு ஐந்து வாட்ஸ்அப் குரூப்பில் ஐந்து விலைக்குச் சுற்றும். 34, 32, “கடைசி 29”. வாங்க வருபவர் அதில் குறைந்ததைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து கீழே இறங்கப் பார்ப்பார். அதோடு, ரொம்ப நாளாக விலை போகாத வீடு, ஏதோ வில்லங்கம் இருக்கும் போல என்ற பேச்சும் கிளம்பிவிடும்.

காகிதங்களை ஆள் வரும் முன்பே ஒரு கோப்பில் போட்டுவையுங்கள்: மூலப்பத்திரம், உங்கள் கிரயப் பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி வரைபடம், சொத்துவரி ரசீது, சங்கத்தில் பாக்கி இல்லை என்ற கடிதம். பழைய கடன் அடைத்திருந்தால் அதற்கான ரசீது ஆவணம் பதிவாகி வில்லங்கத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பேங்க் வக்கீல் முதலில் கை வைப்பது அங்கேதான்.

புதுப்பித்த பில்களும் அந்தக் கோப்பிலேயே இருக்கட்டும். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதாக இருந்தால், விலைவாசிக் குறியீட்டைச் சேர்த்து 20 சதவீதம் என்று கணக்குப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். புது பாத்ரூம், ஒயரிங், கிச்சன் போன்ற நிரந்தர வேலைக்கான செலவை லாபத்திலிருந்து கழிக்கலாம், வெறும் பெயின்ட் அடித்ததைக் கழிக்க முடியாது. 5 லட்சத்துக்கு பில் இருந்தால் 12.5 சதவீதக் கணக்கில் மட்டும் 62,500 ரூபாய் மிச்சம். அட்வான்ஸ் வாங்கும் அன்று, பேங்க் கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில் பதிய வேண்டும், ஏசியும் கட்டிலும் யாருக்கு என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சாவியை மட்டும் பத்திரம் பதிந்து, முழுப் பணமும் உங்கள் கணக்கில் ஏறிய பிறகு கொடுத்தால் போதும்.